அயல்மண்ணில் ஒரு தந்தை
(விழா அவையில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் முன்னோரை நினைத்துப் போற்றுதல் நம் மரபு. இன்று இவ்வவையில் அமர்ந்திருப்போரில் பலருடைய மக்கள் கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். ‘படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவேன்’ என்று பெற்றோரிடம் சொல்லிப் புறப்பட்டவர்கள், அங்கேயே இல்லறம் அமைத்து, தந்தையராகி, சிலர் பாட்டனாரும் ஆகிவிட்டனர். போன மண்ணில் ஒருவர் எவ்வாறு நிற்க வேண்டும்? அங்கே பிறந்த மக்களுக்கு எதை விட்டுச் செல்ல வேண்டும்? ஒவ்வொரு குடும்பமும் இவ்வினாக்களைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறது. இவற்றிற்குத் தம் வாழ்வையே விடையாக அளித்த ஒருவரை இன்று நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர் பெயர் தலீப் சிங் சௌந்த்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு வாக்குரிமையுடைய உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசிய மரபினர் என்று வரலாறு அவரைக் குறிக்கின்றது. அச்சிறப்பு பெரிதே. எனினும் அவர் மூன்று மக்களின் தந்தை, பின்னாளில் பாட்டனார். அவருடைய பொதுவாழ்வின் வேர் அந்த இல்லத்தில்தான் இருந்தது. ஆதலின் இல்லத்தின் வழியே அவரை அறிய முற்படுவோம்.

1899ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் சஜ்ஜல்வடி என்னும் சிற்றூரில், ஒரு சீக்கியக் குடும்பத்தில் சௌந்த் பிறந்தார். பெற்றோர் பள்ளி சென்று கற்றவர் அல்லர். ஆயினும் கல்வியின் அருமையைக் கல்லாதவரே நன்கு உணர்வர் என்பதற்குச் சான்றாக, அக்குடும்பத்தார் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓரறைப் பள்ளி ஒன்றை எழுப்பினர். சௌந்துக்குப் பத்து வயதாகும்போது தந்தை மறைந்தார். தந்தையின் நிழல் இளமையிலேயே நீங்கப்பெற்றவர், பின்னாளில் அயல்நாட்டில் தாமே தந்தையாக நிற்க வேண்டியவரானார். எவ்வாறு நிற்பது என்று காட்டித்தர அவர் அருகில் எவரும் இல்லை.

1919ஆம் ஆண்டு கணிதத்தில் பட்டம் பெற்றார். அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் எழுந்த காலம். ஜாலியன்வாலா பாகில் குருதி சிந்திய ஆண்டும் அதுவே. ஆபிரகாம் லிங்கனின் பேச்சுகளைப் படித்த இளைஞர் உள்ளத்தில், அவர் வாழ்ந்த நாட்டைக் காண வேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. உணவைப் பதப்படுத்தி அடைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, தாயகம் திரும்பி மாம்பழத்தை டப்பிகளில் அடைத்து விற்கும் ஆலை ஒன்றைத் தொடங்குவது அவர் எண்ணம். இரண்டு ஆண்டுகள், மிஞ்சினால் மூன்று ஆண்டுகள். அதற்குள் திரும்பிவிடுவதாக வீட்டாரிடம் உறுதி கூறி 1920ஆம் ஆண்டு கப்பல் ஏறினார். அவர் மீண்டும் அவ்வூர் மண்ணை மிதித்தபோது முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

நியூயார்க்குத் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவில் இறங்கியவர், அங்கிருந்து கண்டத்தின் மறுகரையிலுள்ள பெர்க்லிக்குச் சென்றார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஸ்டாக்டன் நகரத்துச் சீக்கியக் கோவிலைச் சார்ந்தோர் இந்திய மாணவர்களுக்காகப் பெர்க்லியில் ஒரு விடுதி நடத்தி வந்தனர், அங்கே தங்கினார். கோடை விடுமுறைகளில் பழங்களை டப்பிகளில் அடைக்கும் ஆலைகளில் உழைத்துப் படிப்புச் செலவை ஈட்டினார். நாளடைவில் கணிதமே அவரை மீண்டும் ஈர்த்தது. 1922இல் முதுகலைப் பட்டமும், 1924இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

முனைவர் பட்டம் பெற்றவருக்கு ஏற்ற வேலை அந்நாட்டில் கிடைக்கவில்லை. அக்காலத்துச் சட்டம் அவ்வாறு இருந்தது. 1923ஆம் ஆண்டு பகத் சிங் திந்த் என்னும் இந்தியரைப் பற்றிய வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகார், ஆதலின் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் கலிபோர்னியாவில் நிலம் வாங்குதல் கூடாது. குத்தகைக்கும் எடுத்தல் கூடாது. நீதிமன்றத்தின் ஒரு சொல் ஒரு மனிதனின் கல்வி, தொழில், மண், வாக்கு ஆகிய அனைத்தையும் ஒருங்கே பூட்டிவிட்டது.

1925ஆம் ஆண்டு சௌந்த் தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த பாலை நிலம் அது. கொலராடோ ஆற்று நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து அதை விளைநிலமாக்கியிருந்தனர். கோடையில் வெயில் நூற்றுப்பத்து பாரன்ஹீட் பாகையைத் தாண்டும். ஐந்நதி நாட்டில் கால்வாய்ப் பாசனம் கண்ட பஞ்சாபியருக்கு அம்மண் பழக்கமானது. பலர் அங்கே குடியேறி உழுதுவந்தனர். கணித முனைவர் அங்கே பருத்தி எடுக்கும் தொழிலாளர் குழுவிற்கு மேற்பார்வையாளர் ஆனார். பின்னர்த் தாமே பயிர் செய்யத் துணிந்தார். நிலக் குத்தகையை அமெரிக்க நண்பர் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. உழைப்பு இவருடையது, பத்திரத்தில் பெயர் பிறருடையது.

1928ஆம் ஆண்டு மேரியன் கோசா என்னும் மங்கையை மணந்தார். அவர் செக் நாட்டிலிருந்து குடியேறிய ஓவியக் குடும்பத்துப் பெண். அவ்வில்லறத்தின் வாயிலிலும் சட்டம் வந்து நின்றது. குடியுரிமைக்குத் தகுதியற்ற ஆடவரை மணக்கும் அமெரிக்கப் பெண், தன் குடியுரிமையை இழப்பாள் என்பது அன்றைய விதி. அவ்விதி 1931ஆம் ஆண்டில்தான் நீங்கியது. காதலித்தவரைக் கைப்பிடிப்பதற்கு ஒரு பெண் தன் நாட்டையே விலையாகத் தர வேண்டிய காலம் அது. இத்தகைய காலத்தில், இத்தகைய ஊரில், இருவரும் இல்லறம் நடத்தினர். ஒரு மகனும் இரு மகளிரும் பிறந்தனர்.

பெருமக்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை பிறந்த கணமே அந்நாட்டுக் குடிமகன் ஆகின்றது. எனவே சௌந்தின் மக்கள் மூவரும் தொட்டிலிலேயே குடிமக்கள். அவர்களுக்குச் சோறூட்டிய தந்தையோ அயலார். பள்ளியில் பிள்ளைகள் அந்நாட்டுக் கொடிக்கு வணக்கம் செலுத்துவர். அக்கொடியின் கீழ் தந்தைக்கு வாக்கில்லை, நிலமில்லை. மக்களை அவையில் முன்னிற்கச் செய்வதே தந்தையின் கடன் என்று வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேற்றில் வகுத்தார். இக்குடும்பத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. மக்களுக்கு அவையில் இடம் இருந்தது. தந்தைக்கு வாயிலே திறக்கப்படவில்லை.

இந்நிலையில் ஒரு தந்தை எவ்வாறு நடந்துகொள்வார்? ‘இது நம் நாடு அன்று, நம்மை மதியாத நாடு’ என்று நாள்தோறும் உணவு மேடையில் கசப்பைப் பரிமாறலாம். அல்லது, மக்கள் வெட்கப்படாதிருக்கத் தம் பிறப்பையும் ஊரையும் மறைத்து வாழலாம். இவ்விரண்டு வழிகளிலும் சென்றோர் உலகில் பலர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. பட்ட துன்பம் அத்தகையது. சௌந்த் இரண்டையும் விலக்கினார்.

பிறந்த நாட்டை அவர் மறைக்கவில்லை. இந்தியாவை இழிவாகச் சித்திரித்து அமெரிக்க எழுத்தாளர் காத்தரின் மேயோ 1927இல் வெளியிட்ட நூலுக்கு விடையாக, 1930இல் தாமே ஒரு நூல் எழுதினார். பகலில் வயல்வேலை, ஓய்ந்த நேரத்தில் நூலகம். அழைத்த சங்கங்களிலும் தேவாலயங்களிலும் இந்தியாவைப் பற்றிப் பேசினார். மறுபுறம், தம் மக்கள் பிறந்த நாட்டையும் அவர் வெறுக்கவில்லை. அந்நாட்டின் சட்டம் தவறென்றார். அந்நாட்டின் கொள்கை உயர்ந்ததென்றார். கொள்கைக்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம்.

அவருடைய இயல்பைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருள் விலை சரிந்தது. பறிக்கும் கூலிக்கும் பெறாத கீரையையும் காயையும் உழவர்கள் வயலிலேயே விட்டனர். சௌந்தும் பெருங்கடனில் வீழ்ந்தார். திவாலானதாக அறிவித்துக் கடனினின்று விடுபடும் வழியைச் சட்டம் காட்டியது. குடியுரிமையும் நிலவுரிமையும் மறுத்த அதே சட்டம் கொடுத்த ஒரே சலுகை அது. அதை அவர் ஏற்கவில்லை. ஆண்டுகள் பல உழைத்துக் கடனை அடைத்தார். நம் வணிகக் குடும்பங்களில் பேரேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதன் பொருள் விளங்கும். தந்தையின் பெயருக்கு எதிரே நிலுவை ஏதும் இல்லை என்பது, மக்களுக்கு வரும் ஒரு சொத்து.

பின்னர் உரிமைக்கான உழைப்பு. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவாழ் இந்தியர் சிலரோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, அதன் தலைவராக இருந்து, இந்தியர்க்குக் குடியுரிமை வேண்டும் என்று ஓயாது முயன்றார். இவ்வேண்டுகோளுக்காக உழைத்தோர் வேறு பலரும் உளர். 1946ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் லூஸ்–செல்லர் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு நூறு இந்தியர் மட்டுமே குடியேறலாம் என்னும் குறுகிய வாயில்தான் அது. ஆயினும் ஏற்கெனவே அங்கு வாழ்ந்தோர் குடிமக்களாக வழி பிறந்தது. 1949ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் சௌந்த் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. வந்திறங்கி இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தம் மக்கள் பிறந்த நாளிலேயே பெற்ற உரிமையைத் தந்தை பெற்றார்.

பலர் ஐம்பதில் ஓய்வை எண்ணுவர். அவரோ தொடங்கினார். 1950இல் தம் ஊராகிய வெஸ்ட்மோர்லாண்டில் நீதிபதிப் பதவிக்கு நின்று வென்றார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று கூறி அவ்வெற்றியைச் செல்லாததாக்கினர். அவர் சினந்து விலகவில்லை. 1952இல் மீண்டும் நின்று மீண்டும் வென்றார். அத்தேர்தலின்போது ஊர் உணவகத்தில் ஒருவர், ‘உம் நீதிமன்றத்திற்கு வருவோருக்குத் தலைப்பாகையை நீரே தருவீரா, நாங்களே வாங்கி வர வேண்டுமா?’ என்று எல்லோர் முன்னும் கேலி பேசினார். தலையின்மேல் என்ன இருக்கிறது என்பது தமக்கு ஒரு பொருட்டன்று, தலையினுள் என்ன இருக்கிறது என்பதையே தாம் பார்ப்பதாகச் சௌந்த் நகைமுகத்தோடு விடையிறுத்தார். கேட்டோர் சிரித்தனர். ஊரெல்லாம் அவ்விடை பரவியது. பிறரைப் புண்படுத்தாமல், தம்மையும் தாழ்த்திக்கொள்ளாமல் விடை சொல்லும் திறம் அது. அவமதிப்பை நேரிடும் பிள்ளைக்குத் தந்தை கற்பிக்கக்கூடிய பாடம் வேறு என்ன உண்டு?

1956இல் பிரதிநிதிகள் சபைக்கு நின்றார். அச்சபையின் உறுப்பினர் ஏழாண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அவருக்கு ஏழாண்டு நிறைவது 1956 டிசம்பர் 16. புதிய சபை கூடுவது 1957 ஜனவரி 3. இடையே பதினெட்டே நாள்கள். தகுதியில்லை என்று கட்சிக்குள்ளேயே ஒருவர் நீதிமன்றம் சென்றார், வழக்கு நிற்கவில்லை. பொதுத்தேர்தலில் எதிர்த்து நின்றவர் ஜாக்குலின் காக்ரன். ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த முதல் பெண் விமானி. நாடறிந்த பெயரும் செல்வமும் உடையவர். சௌந்தின் படையோ அவர் குடும்பமும் ஊராரும். வீடு வீடாகச் சென்று வாக்காளரைச் சந்தித்தனர். தந்தையை அவையில் முன்னிற்கச் செய்ய மனைவியும் மக்களும் தெருவில் இறங்கி நடந்தனர். மகன் தந்தைக்கு ஆற்றும் கைம்மாறு இன்னது என்று வள்ளுவர் சொன்னதை, திருக்குறளை அறியாத அக்குடும்பம் செய்து காட்டியது.

அவர் வென்றார். மும்முறை அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1957 முதல் 1963 வரை அச்சபையில் இருந்தார். முதல் ஆண்டிலேயே வெளிவிவகாரக் குழுவில் இடம் பெற்றார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த 1957ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தை ஆதரித்தார். வாக்கின்றி இருபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, வாக்கு மறுக்கப்பட்டவரின் வலியை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாண்டின் இறுதியில் ஆசிய நாடுகளுக்குப் பயணம் மேற்கொண்டார். மனைவியும் ஒரு மகளும் உடன் வந்தனர். இந்திய நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். சஜ்ஜல்வடிக்கும் சென்றார். மூன்றாண்டில் வருவதாகச் சொன்னவர் முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து வந்தார். ஊர் திரண்டு வரவேற்றது. தந்தையின் சொற்களில் மட்டுமே கேட்டிருந்த ஊரை அன்று மகள் கண்ணால் கண்டார். அயல்நாட்டில் மக்களை வளர்ப்போர் மனத்தில் கொள்ள வேண்டிய காட்சி இது. வேரைப் பற்றிச் சொல்வது வேறு, வேர் ஊன்றிய மண்ணைத் தொட்டுக் காட்டுவது வேறு.

1960ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். ‘இந்தியாவிலிருந்து வந்த காங்கிரஸ் உறுப்பினர்’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஊர், பள்ளி, வயல், கடன், தேர்தல் அனைத்தையும் அதில் சொன்னார். அப்போது அவர் உடல்நலத்தோடும் புகழோடும் இருந்தார். இன்னும் காலம் இருக்கிறது என்று அப்பணியைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

1962ஆம் ஆண்டு மே மாதத்தில், வாஷிங்டனுக்கு விமானத்தில் செல்லும்போது பக்கவாதம் அவரைத் தாக்கியது. நடையும் பேச்சும் நின்றன. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் தோற்றார். நாவன்மையால் ஊரையும் நாட்டையும் வென்றவரிடமிருந்து நாவே விலகியது. அதன்பின் பதினோராண்டுகள் அவர் வாழ்ந்தார். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டுகளில் அவர் பாட்டனார். அப்போது மேடையில் முழங்கும் தாத்தாவைப் பேரப்பிள்ளைகள் கண்டிலர். நோயுற்று அமர்ந்திருந்த தாத்தாவையே கண்டனர். பாட்டனார் மடியில் இருந்து கேட்க வேண்டிய கதைகளை அவர்களுக்கு அந்த நூலே சொல்ல வேண்டியதாயிற்று. குரல் போவதற்கு இரண்டாண்டுகள் முன்பு அவர் அதை எழுதி வைத்தது, குடும்பத்திற்குச் செய்த பேருதவி.

அவருக்குப் பின் வந்த சிறப்புகளைச் சுருங்கச் சொன்னால் போதும். 2005இல் கலிபோர்னியாவின் டெமெக்குலா நகர் அஞ்சல் நிலையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருடைய ஓவியம் திறந்து வைக்கப்பட்டது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கிய நாடு, தன் மன்றத்தின் சுவரில் அவருக்கு இடம் அளித்தது.

பெருமக்களே! தந்தை விட்டுச் செல்லும் பொருளைக் கணக்கிடுதல் எளிது. இம்மனிதர் விட்டுச் சென்றதில் நிலமும் பொன்னும் சிறு பகுதியே. தமக்குத் தீங்கு செய்த சட்டத்தின்மேல் வைரம் கொள்ளாமல் அதைத் திருத்த உழைத்த பொறுமை, தள்ளுபடி கிடைத்தும் கடனைத் தீர்த்த நேர்மை, பிறந்த மண்ணையும் பிழைத்த மண்ணையும் ஒருங்கே மதித்த நடுவுநிலை ஆகியவற்றை அவர் மக்கள் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தனர். பகை பாராட்டாமையை உயர்ந்த அறமாகக் கொள்ளும் இவ்வவை, வேறொரு சமயத்தில் பிறந்து வேறொரு நாட்டில் வாழ்ந்த இம்மனிதரிடம் அவ்வறத்தைக் கண்டு மகிழ்வது இயல்பே.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இல்லத்திலும் புலம்பெயர்ந்த ஒருவர் இருக்கிறார். அயல்நாடு சென்றவராக இருக்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் சிற்றூரை விட்டு நகருக்கு வந்தவராகவும் இருக்கலாம். முதல் நாள் எங்கே தங்கினார், யார் உணவளித்தார், எவ்வளவு கடன் பட்டார், எவ்வாறு அடைத்தார், யார் இழித்துப் பேசினார், அதற்கு என்ன விடை சொன்னார் என்பவற்றை அவரே அறிவார். அவர் பேசும் நாளிலேயே அருகில் அமர்ந்து கேட்பீராக. கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுவீராக. பேரப்பிள்ளைகள் ஒருநாள் அதைத் தேடுவர்.

விழாச் சிறக்கவும், இல்லந்தோறும் முதியோர் நலமுற வாழவும் வாழ்த்துவோம். நல்லறம் ஓங்குக!